தரியா தௌலத் பாக்குக்கு அரை மணி நேரம் போதுமா?

வேலூரிலிருந்து மைசூருக்குக் காரில் போகிறோம், எழுபது வயது அப்பாவும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையும் தோட்டமும் இருக்கிறதாம், அரை மணி நேரம் ஒதுக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, ‘படத்தில் பார்த்தால் சின்னக் கட்டடமாகத் தெரிகிறது, மைசூர் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வேண்டுமா’ என்று, நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டும். வேறு ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் நேரம் இருந்தால் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். வேலூரிலிருந்து போகிற உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த வீட்டின் சுவரில் வரைந்திருப்பது நம் பக்கத்து வயல்வெளியில் நடந்த போர், அந்த வீட்டுக்காரரின் குடும்பம் கடைசியில் வந்து சேர்ந்ததும் நம்ம கோட்டைக்குத்தான்.

நான் வேலூரில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். பிள்ளைகளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பல தடவை அழைத்துப் போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது எல்லோரையும் வரிசையாக விட்டு, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, பதினைந்து நிமிஷத்தில் பேருந்தில் ஏற்றிவிட்டேன். திரும்பி வரும்போது ஒரு பையன், “சார், அந்தச் சுவத்துல சண்டை போடுறவங்க யாரு, எந்த ஊர்ல சார்?” என்று கேட்டான். காஞ்சிபுரம் பக்கம்டா என்று சொன்னதும் அவன் முகத்தில் வந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்கே நிற்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது அது. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும், கிளம்புவதற்கு முன்தினம் வேலூர்க் கோட்டைக்கு ஒரு நடை கூட்டிப் போய்விட்டுத்தான் பேருந்து ஏற்றினேன்.

முதலில் மாளிகையைப் பற்றி. தரியா தௌலத் என்றால் கடலின் செல்வம் என்று பொருள் சொல்வார்கள், பாக் என்றால் தோட்டம். பெயரிலேயே தோட்டம் இருக்கிறது பாருங்கள், அதை மறக்காதீர்கள். 1784இல் திப்பு சுல்தான் கட்டி முடித்தது. அதே வருஷம் மார்ச்சில்தான் மங்களூர் உடன்படிக்கையோடு இரண்டாவது மைசூர்ப் போர் முடிந்தது, ஆக இது போர் முடிந்த கையோடு எழுந்த வீடு. கோட்டைச் சுவருக்கு வெளியே, தீவின் கிழக்குப் பக்கமாக, காவிரியை ஒட்டி இருக்கிறது. தரையிலிருந்து உயர்ந்த ஒரு மேடை, அதன் மேல் பெரும்பாலும் தேக்கால் ஆன கட்டடம், நாலு பக்கமும் மரத்தூண்கள் வைத்த திறந்த தாழ்வாரம். நீங்கள் போய் நிற்கும்போது முதலில் கண்ணில் படப்போவது பச்சை நிறத் தட்டிகள்தான். வெயிலும் மழைச்சாரலும் ஓவியத்தின் மேல் படாமல் இருக்கத் தாழ்வாரத்தைச் சுற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் திரை போட்டு மூடிய ஏதோ கொட்டகை மாதிரி இருக்கும், நிறைய பேர் இதுதானா என்று வாசலிலேயே மனம் தளர்ந்து விடுகிறார்கள். நீங்கள் படத்தில் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்கும். தட்டிக்கு உள்ளே போய், கண் அந்த மங்கல் வெளிச்சத்துக்குப் பழகுகிற வரைக்கும் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். ஒரு அங்குலம்கூட வெற்றிடம் விடாமல் சுவர், தூண், வளைவு, கூரை எல்லாவற்றிலும் பூவும் கொடியும் வரைந்திருப்பது அப்புறம்தான் தெரியும்.

இப்போது மேற்குச் சுவர். உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள் என்று சொல்வேன். ஒரு பகுதியில் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் படையோடு ஊர்வலமாகப் போகிறார்கள், இன்னொரு பகுதியில் பொள்ளிலூர்ப் போர். பொள்ளிலூர் என்று ஆங்கிலேயர் எழுதியது நம்ம புள்ளலூர். காஞ்சிபுரத்துக்கு வடக்கே, அரக்கோணம் போகிற பக்கம் இருக்கிற சின்ன ஊர். பல்லவ மகேந்திரவர்மனுக்கும் இரண்டாம் புலிகேசிக்கும் சண்டை நடந்ததாகப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதே புள்ளலூர்தான். 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கர்நாடிக் என்று அப்போது சொன்ன நம்ம ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கி ஆற்காட்டை முற்றுகையிடுகிறார். குண்டூர் பக்கமிருந்து ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லி ஒரு படையோடு வருகிறார், காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ இன்னொரு படையோடு காத்திருக்கிறார், இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதருக்குச் சிக்கல். சேரவிடாமல் நடுவில் மறித்தது திப்பு. செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் ஒரு மோதல், 10ஆம் தேதி புள்ளலூரில் முடிவு. கடைசியாக வந்து சேர்ந்த உதவிப்படையையும் சேர்த்து பெய்லியிடம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள். சதுரமாக அணிவகுத்து நடுவில் வெடிமருந்து வண்டிகளை வைத்துக்கொண்டு போராடினார்கள். அந்த வண்டிகள் வெடித்ததும் சதுரம் உடைந்தது. மன்றோ கேட்கிற தூரத்தில்தான் இருந்தார், நேரத்துக்கு வரவில்லை. பிறகு காஞ்சிபுரத்தில் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லி பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே சிறையில் 1782இல் இறந்துபோனார்.

இவ்வளவும் அந்தச் சுவரில் இருக்கிறது. நடுவில் சிவப்புச் சட்டைக்காரர்களின் சதுரம், அதற்குள் பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறுகிற வண்டி, சுற்றிலும் அலை அலையாகக் குதிரைகள், வெட்டுண்ட தலைகள். ஒரே இடத்தில் நின்று முழுதாகப் பார்க்க முயற்சி செய்யாதீர்கள், கண் தடுமாறிவிடும். சதுரத்தைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து வெளிப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போங்கள், கதை தானாக விரியும். இது ஜெயித்தவர் வரைய வைத்த படம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைதரும் திப்புவும் அலட்டிக்கொள்ளாமல் யானை மேல் வருகிறார்கள், எதிரி மட்டும்தான் திணறுகிறார். வழிகாட்டிகள் ஹைதராபாத் நிஜாமையும் அங்கே காட்டுவார்கள், பன்றி மாதிரி வந்து பசு மாதிரி ஓடினார் என்பதற்காகப் பக்கத்தில் பன்றியும் பசுவும் வரைந்திருக்கிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும், ஆனால் புள்ளலூரில் நிஜாம் படை சண்டை போடவில்லை. அது போர் வரலாறு இல்லை, திப்புவுக்கு நிஜாம் மேல் இருந்த கோபம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் பார்க்கப்போவது 1784இல் தீட்டியது அப்படியே இல்லை. 1799 முற்றுகைக்கு முன்னால் இந்த ஓவியம் மறைக்கப்பட்டது. திப்பு இறந்த பிறகு அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆனவர், அதைத் திரும்பத் தீட்டவைத்தார். அது மறுபடி மங்கி, 1850களில் மைசூர் வந்த கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, பழைய ஓவியம் நினைவில் இருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரை வைத்து மீண்டும் சரிசெய்யச் சொன்னார். எந்தக் கோடு முதல் கை, எந்தக் கோடு மூன்றாவது கை என்று பிரித்துச் சொல்ல ஓவியப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும், எனக்கு அது கிடையாது. அமைப்பும் கதையும் திப்பு காலத்தவை, வண்ணம் பல கைகள் பட்டது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் மனதை அசைப்பது என்னவென்றால், தங்கள் படை அடைந்த படுதோல்வியைக் காட்டுகிற ஓவியத்தை ஆங்கிலேயர்களே இரண்டு முறை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கிழக்குச் சுவரில் தஞ்சாவூர் ராஜா, காசி ராஜா, பேஷ்வா பாலாஜி ராவ், மாகடி கெம்பேகௌடர், சித்திரதுர்க்கத்து மதகரி நாயக்கர் என்று பல அரசர்கள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இதை வேகமாகப் பார்த்தால் போதும்.

உள்ளே இருக்கிற அறைகள்தான் அருங்காட்சியகம். நாணயங்கள், ஆயுதங்கள், படங்கள் இருக்கும். திப்புவின் புலி பொம்மை, வெள்ளைக்காரன் மேல் ஏறி உறுமுகிற இயந்திரப் புலி, இங்கே இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு, அது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே நான் நின்று பார்க்கச் சொல்வது தாமஸ் ஹிக்கி என்கிற ஓவியர் வரைந்த, திப்புவின் மகன்களின் கோட்டோவியங்களை. வண்ணம் இல்லை, பகட்டு இல்லை, பெரும்பாலோர் நேராகக் கடந்து போய்விடுவார்கள். அந்தப் பையன்களில் அப்துல் காலிக், முயிசுதீன் என்ற இருவரை 1792இல் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் பணயமாக ஒப்படைத்தார்கள், இரண்டு வருஷம் சென்னையில் இருந்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பினார்கள். 1799 மே 4 அன்று தகப்பன் கோட்டை வாசலில் செத்து விழுந்தார். அடுத்த மாதமே மூத்த மகன்கள் நாலு பேரை வேலூருக்கு அனுப்பினார்கள், மற்றவர்களும் பெண்களும் பின்னால் வந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகள் வந்து இறங்கியது, நாம் சாயங்காலம் காற்று வாங்கப் போகிற அகழிக்கு உள்ளே.

அதனால்தான் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நம்ம கோட்டைக்குப் போய் வாருங்கள் என்கிறேன். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஹைதர் மகால், திப்பு மகால் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். திப்பு இங்கே வாழ்ந்தார், இங்கிருந்து ஆண்டார் என்று வேலூரிலேயே பாதிப் பேர் நம்புகிறார்கள். அது தவறு. ஹைதர் 1780 முதல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை, திப்புவும் இதைப் பிடித்ததில்லை. குடும்பத்தை இங்கே குடிவைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்கள் அவை. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை, அகழியில் பத்தாயிரம் முதலை என்று சொல்வதையும் கதையாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: 1806 ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டைக்குள் கல்யாணம், விடிவதற்குள் கம்பெனிச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். காரணம் புதுத் தலைப்பாகையும், அதில் வைத்த தோல் சின்னமும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்கிற ஆங்கிலேய அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார், அதில் செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். இளவரசர்களைத் தென்னாட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போன பிறகும் சிலர் வேலூரிலேயே தங்கிவிட்டார்கள், மண்ணுக்குள். ஹைதரின் மனைவி பக்ஷி பேகத்தின் கல்லறையும், 1834இல் இறந்த, திப்புவின் மனைவி பாதுஷா பேகத்தின் கல்லறையும் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மக்கான் அருகே இருக்கிற சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைத் தாண்டி எத்தனை தடவை பைக்கில் போயிருப்போம், அந்தக் கல்லறைகளுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. கோட்டைக்குள் இருக்கிற மகால்கள் காவலர் பயிற்சிக்கும் அலுவலகத்துக்குமாகப் பல காலம் பயன்பட்டவை, நான் போனபோதெல்லாம் பெரும்பாலும் பூட்டிய கதவுகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகளில் ஒன்றுக்குத் தட்டி போட்டுக் காவல் இருக்கிறது, இன்னொன்றின் சுவரில் செடி முளைக்கிறது. இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற வருத்தம், நம் ஊர் மகாலும் அப்படி ஒரு அருங்காட்சியகமாக வேண்டும் என்று வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, தோட்டம். வாசலிலிருந்து மாளிகை வரை நேர்கோட்டில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் வரிசையாக மரங்கள், புல்வெளி, நீரோடும் கால்வாய்கள். பாரசீக முறைத் தோட்டத்தின் சாயல் அது, தண்ணீரும் நேர்கோடும்தான் அதற்கு உயிர். இன்றைய புல்வெளியும் பூப்பாத்திகளும் தொல்லியல் துறை பராமரிப்பது, திப்பு காலத்துச் செடிகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தகப்பனுக்கும் மகனுக்கும் தோட்டத்தின் மேல் இருந்த ஆசை உண்மை. பெங்களூர் லால்பாக்கை ஹைதர் 1760இல் தொடங்கினார், திப்பு வளர்த்தார், வெளிநாடுகளிலிருந்து விதையும் நாற்றும் வரவழைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஒரு லால்பாக் இருந்தது, அதில் ஒரு மாளிகையும் இருந்தது. இன்று அது இல்லை. அதைப் பிரித்து, அந்த மரங்களைக் கொண்டு போய்த்தான் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தை 1830வாக்கில் கட்டினார்கள். நீங்கள் ஊட்டி போயிருந்தால் அந்த உத்தரங்களின் கீழே நின்றிருப்பீர்கள்.

அந்த லால்பாக் இருந்த இடத்தில் இப்போது கும்பஸ் இருக்கிறது, ஹைதர், அவர் மனைவி, திப்பு மூவரின் சமாதி. மாளிகையிலிருந்து காரில் சில நிமிஷம்தான், கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கல் தூண்கள், தந்தம் இழைத்த கதவுகள், உள்சுவரில் புலிக்கோடு. ஹைதர் இறந்ததும் நம் பக்கத்தில்தான். 1782 டிசம்பர் 7, சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில், முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி வந்து. அப்போது திப்பு மலபார்க் கரையில் இருந்தார். செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று, உடலைப் பெட்டியில் வைத்துப் புதையல் கொண்டுபோகிற மாதிரி கோலாருக்கு அனுப்பினார்கள், அப்புறம்தான் ஸ்ரீரங்கப்பட்டணம். சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். புள்ளலூருக்கு எப்போதாவது போனால், அங்கே இருக்கிற இரண்டு நினைவுத் தூண்கள் பெய்லியின் போருக்கானவை என்று நினைத்துவிடாதீர்கள், அதே இடத்தில் 1781 ஆகஸ்ட் 27 அன்று நடந்த இரண்டாவது போரில் இறந்த அதிகாரிகளுக்கானவை அவை.

இனி நடைமுறை. அரை மணி நேரம் போதாது, மாளிகைக்கும் தோட்டத்துக்கும் ஒன்றரை மணி நேரம், கும்பஸுக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் வழியாகச் சுமார் 340 கிலோமீட்டர், பெங்களூரைக் கடப்பதில்தான் நேரம் கரையும். விடியற்காலையில் கிளம்பினாலும் மதிய வெயிலில்தான் போய்ச் சேர்வீர்கள். அதைவிட முதல் நாள் நேராக மைசூர் போய்த் தங்கி, மறுநாள் காலை திறக்கும் நேரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் திரும்பி வந்து பார்ப்பது நல்லது. வெளிச்சமும் சாய்வாக இருக்கும், பள்ளிச் சுற்றுலாக் கூட்டமும் வந்திருக்காது. அப்பாவுக்குக் காரில் அவ்வளவு தூரம் கஷ்டம் என்றால் காட்பாடியில் ரயில் ஏறி மைசூரில் இறங்கலாம், நான் பிள்ளைகள் இல்லாமல் தனியாகப் போகும்போது அப்படித்தான் போவேன். வாசலிலிருந்து மாளிகைக்கு நடை கொஞ்சம் நீளம், மேடை ஏறப் படிகள் உண்டு, வழியில் மர நிழலில் அவரை உட்காரவைத்து நிதானமாகக் கூட்டிப் போங்கள். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் செல்போனை நம்பாமல் கண்ணால் பார்க்கிற மாதிரி பிள்ளைகளைத் தயார்படுத்துங்கள்.

அதற்கு நான் மாணவர்களோடு செய்து பார்த்த ஒரு வழி இருக்கிறது. மேற்குச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, பெரியவனிடம் பல்லக்கைக் கண்டுபிடி என்றும் சின்னவளிடம் வெடிக்கிற வண்டியைக் கண்டுபிடி என்றும் சொல்லுங்கள். எது முன்னால் கிடைத்தாலும் அங்கேயே நின்று, இது எந்த ஊர் தெரியுமா என்று ஆரம்பியுங்கள்.